கட்டுமரத்திலிருந்து ஃபைபர் படகுக்கு

மரக்காணம் உப்பளங்களை அடுத்த எக்கியார்குப்பம் போன்ற சோழமண்டலக் கரை ஊர்களுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த மணற்கரையில் அலை நேராக வந்து உடையும். இந்தக் கரைக்கென்றே உருவானது கட்டுமரம். கனமில்லாத மரங்களைச் செதுக்கி, அணியம் எனப்படும் முன்பக்கம் மேல்நோக்கி வளையும்படி கயிற்றால் பிணைப்பார்கள். ஏறிய நீர் இடைவெளிகளில் வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. ஊறிய மரம் கனக்கும் என்பதால், கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயவைப்பார்கள். இவ்வளவு எளிய பொருளில் இத்தனை தேர்ந்த வடிவமைப்பு அபூர்வம். 1697இல் வெளியான தம் பயண நூலில் ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் இதை விவரித்திருக்கிறார்.

துடுப்பும் பாயும் தலைமுறைகளாக இதை ஓட்டின. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இன்ஜின் வந்தது. வேகமும் தொலைவும் கூடின. மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழை பிடிக்கத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமி அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது: இழந்த கட்டுமரங்களுக்கு ஈடாகப் பல ஊர்களுக்கு ஃபைபர் படகுகளே வந்தன. அவை அதிக வலையும் மீனும் சுமக்கும். ஆனால் எரிபொருள் இல்லாமல் தொழில் நடக்காது. அவிழ்த்துத் தூக்கவும் முடியாது.

மரம் தேர்ந்து கட்டத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அந்த அளவுகளையும் முடிச்சுகளையும் பதிவு செய்துவிட வேண்டும்.