கிழக்கு வாசலும் ஒரு சஃபாரி பிளானும்

எங்க ஊர் திருவிடைமருதூர் மகாலிங்கசாமி கோயிலுக்கு வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கிழக்கு வாசல் வழியா உள்ளே போனா, அதே வழியா வெளியே வரக்கூடாது. வரகுண பாண்டியனைப் பிடிச்ச பிரம்மஹத்தி அங்கேயே காத்துக்கிட்டு இருக்குன்னு ஐதீகம். சின்ன வயசுல செருப்பைக் கிழக்கு வாசல்ல விட்டுட்டு, வெறுங்காலோட வெயில்ல வீதி சுத்தி வந்து எடுத்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. இதை ஏன் சொல்றேன்னு கடைசில சொல்றேன்.

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. நண்பர்கள் நாலு பேரும் ஆகஸ்ட்ல ஆப்பிரிக்கா போறதா திட்டம். டர்பன்ல இறங்கி, கார் எடுத்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க், நியூகாசில், வோல்க்ஸ்ரஸ்ட் வழியா குரூகர் தேசியப் பூங்கா. அப்புறம் ஜோகன்னஸ்பர்க். அங்கேர்ந்து விமானத்துல நமீபியா. சோசுஸ்விளை மணல்மேடுகள், கடைசியா எட்டோஷா. ஆகஸ்ட்ல அங்கே மழை கிடையாது. புல் காஞ்சு, மிருகமெல்லாம் தண்ணி இருக்கிற குட்டைக்கு வந்தே ஆகணும். குட்டைக் கரையில வண்டியை நிறுத்திட்டு உக்காந்தா போதும்.

எக்செல் ஷீட்டும் கையுமா ஒவ்வொரு ஊர் பேரையும் தேடிப் படிச்சதுலதான் மாட்டிக்கிட்டேன். நான் சஃபாரிக்குப் போட்ட ரூட்டுல பாதி, நம்மாளுங்க ஜெயிலுக்குப் போன ரூட்டு!

1860 நவம்பர் 16-ம் தேதி, சென்னையிலிருந்து கிளம்பின 'ட்ரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளா முதல் தடவை இந்தியர்கள் போய் இறங்கினது அன்னிக்குத்தான். 1911 வரைக்கும் இப்படிப் போனவங்க 1,52,000-க்கும் மேல. பெரும்பாலானவங்க சென்னைத் துறைமுகத்துலேர்ந்து கப்பல் ஏறினவங்க. ஒப்பந்தம் 5 வருஷம். முதல் வருஷம் மாசச் சம்பளம் 10 ஷில்லிங்.

ஒப்பந்தம் முடிஞ்சும் அங்கேயே தங்கினா வருஷத்துக்கு 3 பவுண்டு வரின்னு 1895-ல சட்டம் போட்டாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அப்போ 3 பவுண்டுங்கறது, முதல் வருஷ ஒப்பந்தச் சம்பளத்துல ஆறு மாசத்தோடது. ஒண்ணு திரும்பிப் போ, இல்லேன்னா மறுபடியும் கூலியா வா. அதுதான் சட்டத்தோட உள்ளர்த்தம்.

போதாததுக்கு, இந்தியர்கள் அனுமதி இல்லாம மாகாணம் விட்டு மாகாணம் போகவும் கூடாது. நேட்டாலுக்கும் டிரான்ஸ்வாலுக்கும் நடுவுல இருந்த எல்லை ஊர்தான் வோல்க்ஸ்ரஸ்ட். நான் ஷீட்டுல 'டீ பிரேக்'னு எழுதி வச்சிருந்த ஊர்.

1913-ல நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க வேலையை நிறுத்தினாங்க. நவம்பர் 6-ம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் காந்தியோட சேர்ந்து நடந்தே இந்த எல்லையைத் தாண்டினாங்க. அதே போராட்டத்துலதான், ஜோகன்னஸ்பர்க்குல பொறந்து வளர்ந்த தில்லையாடி வள்ளியம்மை தன் அம்மாவோட ஜெயிலுக்குப் போனது. வோல்க்ஸ்ரஸ்ட்ல தண்டனை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்குல சிறை. நோயோட வெளியே வந்தவங்க 1914 பிப்ரவரி 22 அன்னிக்கு இறந்துட்டாங்க. வயசு 16. அந்த வருஷமே 3 பவுண்டு வரி ரத்தாச்சு.

எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ்ல துணி எடுக்கறப்போ அவங்க பேரைப் பாத்திருப்பீங்க. தில்லையாடி எங்க ஊர்லேர்ந்து மயிலாடுதுறை வழியா போனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள. இவ்வளவு பக்கத்துல இருந்தும் நான் போன மாசம்தான் முதல் தடவையா போனேன்.

சரி, நமீபியாவாவது வெறும் மணலும் ஒட்டகச்சிவிங்கியுமா இருக்கும்னு பாத்தா, அதுவும் இல்ல. அப்போ அது ஜெர்மன் காலனி. 1904-ல எதிர்த்து நின்ன ஹெரேரோ மக்களைப் பாலைவனத்துக்குள்ள துரத்தி, தண்ணி இருக்கிற இடத்துக்கு வரவிடாம காவல் போட்டுக் கொன்னாங்க. 2021-ல அதை இனப்படுகொலைன்னு ஜெர்மனி ஒத்துக்கிச்சு. காவிரில தண்ணி வரலைன்னா நாலு நாள் தூங்காத ஊர்க்காரனுக்கு இதைப் படிக்கவே முடியல.

1907-ம் வருஷம், எட்டோஷாவை அந்தக் காலனி அரசு மிருகங்களுக்கான காப்பகமா அறிவிச்சது. அதே அரசு அதே வருஷம், 7 வயசுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் உலோக வில்லை மாட்டிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. பக்கத்துல டிரான்ஸ்வால்லயும் அதே 1907-லதான் இந்தியர்கள் கைரேகை வச்சுப் பதிவு பண்ணணும்னு சட்டம். மிருகம் இஷ்டத்துக்குத் திரியலாம், மனுஷன் கூடாது. 1926-ல தேசியப் பூங்காவான குரூகருக்குள்ள அடுத்த வருஷமே முதல் சுற்றுலா கார்கள் போயிடுச்சு. வள்ளியம்மை இறந்து அப்போ 13 வருஷம்தான் ஆகியிருந்தது.

இனவெறி ஆட்சி நடந்த காலத்துல, நம்ம பாஸ்போர்ட்ல தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாதுன்னே அச்சடிச்சிருந்தாங்க. தூதரக உறவு திரும்ப வந்தது 1993-ல. அதாவது நான் பொறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் இந்த எக்செல் ஷீட்டைப் போட்டிருக்கவே முடியாது.

அதனால பிளானை மாத்திட்டேன். வோல்க்ஸ்ரஸ்ட்ல ஒரு ராத்திரி. ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டெய்ன் கல்லறைத் தோட்டத்துல, வள்ளியம்மை சமாதில அரை நாள். "டேய், லீவுக்குப் போறோமா, துக்கம் விசாரிக்கப் போறோமா?"ன்னு கேட்டான் ஒருத்தன். ரெண்டும்தான்டான்னேன். குரூகர்ல மூணு ராத்திரி இப்போ ரெண்டாச்சு. சிங்கம் கண்ல படலைன்னா பழி என் மேல.

கிழக்கு வாசல் மேட்டருக்கு வரேன். கப்பலேறிப் போனவங்கள்ல நிறைய பேர், போன வாசல் வழியா திரும்பவே இல்ல. அவங்க பேரப்பிள்ளைங்களோட பேரப்பிள்ளைங்க இன்னிக்கும் டர்பன்ல இருக்காங்க. என் கையில ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு. அவங்க நடந்த ரோட்டை நிக்காம தாண்டிப் போக மனசு வரல, அவ்ளோதான்.