மருந்துக் கிடங்கு ரேக்

மருத்துவமனைக் கிடங்குகளில் மாத்திரைப் பெட்டி, ஊசி மருந்து, குளுக்கோஸ் பாட்டில், கட்டுத்துணி ஆகியவற்றை அடுக்கி வைக்கப் பயன்படும், கழற்றி மாட்டத்தக்க உலோகத் தட்டடுக்கு மருந்துக் கிடங்கு ரேக் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் ஆங்கிள் ரேக், ஸ்டோர் ரேக் என்பார்கள். நான்கு நிலைக்கால்கள், ஐந்தாறு தகட்டுத் தட்டுகள், கைப்பிடியளவு நட்டு போல்ட்டு, மூலைக்கு ஒரு முக்கோணத் தகடு. ஒரு ரேக்குக்கு வேண்டியது இவ்வளவுதான். கோயம்புத்தூரை நடுவாகக் கொண்ட கொங்கு வட்டாரத்தில் இதைச் செய்யும் பட்டறைகளும் வாங்கும் மருத்துவமனைகளும் அடுத்தடுத்த தெருக்களிலேயே இருக்கின்றன. அளவு சரியில்லை என்றால் மறுநாளே பட்டறைக்குத் திருப்பி எடுத்துப் போகலாம் என்ற வசதி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

மரத்திலிருந்து இரும்புக்கு

பழைய ஆஸ்பத்திரிகளில் மருந்து இருந்த இடம் கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரி. மாத்திரைகள் பெரிய கண்ணாடிக் குப்பிகளிலும், கலவை மருந்துகள் பீங்கான் ஜாடிகளிலும் இருந்த காலத்துக்கு அது போதுமானதாகவே இருந்தது. அட்டைப்பெட்டிகளில் மருந்து வரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. மரத்தில் ஏறும் செல் அட்டையையும் விடாது. தரையில் வைத்த பெட்டிக்குள் அடிப்பக்கமாகப் புகுந்து, மேலே லேபிள் கலையாமல் இருக்கும்போதே உள்ளே மண்ணாக்கிவிடும். கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் இரும்பு பீரோ செய்யத் தொடங்கிய பிறகு, பூட்டி வைக்க வேண்டிய மருந்துகள் பீரோவுக்குப் போயின. ஆனால் பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்பது கதவைத் திறந்தால்தான் தெரியும். மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவுக்குச் சரக்கு புழங்கும் இடத்தில் அது கட்டுப்படியாகாது.

திறந்த ரேக்கின் வரலாற்றில் குறிப்பிட வேண்டியவர் டெமெட்ரியஸ் கொமினோ. சிட்னியில் பிறந்த கிரேக்க வம்சாவளியினர். லண்டனில் அச்சகம் நடத்தியவர். அச்சகத்தில் வேலை மாறும்போதெல்லாம் பலகைகளையும் மேசைகளையும் உடைத்து உடைத்துக் கட்ட வேண்டியிருந்தது. நெடுகத் துளையிட்ட இரும்பு ஆங்கிளை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, போல்ட்டால் பூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அவர் 1947-இல் டெக்ஸியான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நம்மூர் இரும்புக் கடைகளில் ஸ்லாட்டட் ஆங்கிள் என்று கேட்டால் கிடைப்பது அதன் வழிவந்ததுதான்.

கொங்கு வட்டாரத்தில்

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் நூற்பாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்த பட்டறைகள் அவற்றைச் சுற்றி முளைத்தன. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் 1926-லேயே தொடங்கிவிட்டது. கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பகுதிகளில் தகடு வளைக்கத் தெரிந்த கைகள் தலைமுறையாகச் சேர்ந்தவை. பம்பும் கிரைண்டரும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தன. தகட்டு வேலை அவற்றின் நிழலில் சத்தமில்லாமல் வளர்ந்தது.

வாங்குபவர்கள் பக்கமும் வளர்ச்சி அதே வேகத்தில் இருந்தது. ஆலைத் தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. திட்டம் தமிழகத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது கோவையில், 1955 ஜனவரியில். குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952, கோவை மருத்துவக் கல்லூரி 1966, ஸ்ரீ ராமகிருஷ்ணா மருத்துவமனை 1975, கே.எம்.சி.ஹெச். 1990 என்று நகரம் சுற்று வட்டாரத்துக்கே வைத்தியம் பார்க்கும் ஊராயிற்று. 2022 ஜனவரியில் திருப்பூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகளும் திறக்கப்பட்டன. ஒரு மருத்துவமனை எழும்பினால் அதற்கொரு பெரிய ஸ்டோர் வேண்டும். வார்டுக்கு வார்டு சிறு ஸ்டோர்கள் வேண்டும்.

அரசுத் துறையில் கிடங்கு என்ற எண்ணத்தையே மாற்றியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் மருந்து வழங்கத் தொடங்கிய இந்த அமைப்பு, மாநிலம் முழுவதற்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் இறக்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை மருத்துவமனை எடுத்துக்கொள்ளும். வந்திறங்கும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வரும்வரை அந்தப் பேட்ச்சை வழங்கக் கூடாது. ஆகவே கிடங்கில் ‘இருக்கிறது, ஆனால் தொடக்கூடாது’ என்ற நிலையிலுள்ள சரக்குக்குத் தனி வரிசை வேண்டும். தேறியதற்கு ஒன்று, காத்திருப்பதற்கு ஒன்று, காலாவதியானதற்கும் திரும்பப் பெற்றதற்கும் இன்னொன்று. இந்தப் பிரிவினை கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஏட்டில் எழுதி வைத்தும் பலனில்லை. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே மாதிரியைப் பின்பற்றிக் கழகங்கள் அமைத்தன.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. இப்படி நீண்ட நாளைக்குச் சேர்த்துத் தரும் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சின்ன அறைக்குள்தான் முதலில் வந்து அடுக்கப்பட வேண்டும்.

தகடும் மடிப்பும்

இலேசான ரேக் என்றதும் மெலிந்த ரேக் என்று எண்ணிவிடுகிறார்கள். மொத்தமான தகடு போட்டால் உறுதி தானாக வரும் என்பதும் அதே தவறான எண்ணத்தின் மறுபக்கம். தகட்டின் பலம் அதன் மடிப்பில் இருக்கிறது. ஒரு தாளை நீட்டிப் பிடித்தால் தொங்கும்; அதன் இரு ஓரங்களையும் மடித்துவிட்டுப் பிடித்தால் நிற்கும். ரேக் தட்டும் அப்படித்தான். நான்கு ஓரங்களையும் ஓர் அங்குலத்துக்கு மேல் கீழ்நோக்கி மடித்து, நுனியை மறுபடி உள்பக்கம் மடித்து, அடியில் நெடுக ஒரு பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்தால், 20 கேஜ் தகடே போதும். அதன் கனம் 1 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 3 அடிக்கு 1½ அடி அளவுள்ள இப்படியொரு தட்டு, மடிப்பையும் சேர்த்து 4 கிலோவை ஒட்டி இருக்கும். ஒருவரே ஒரு கையால் தூக்கி மாட்டலாம்.

நிலைக்காலுக்கு வழக்கமாக 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டர் கனமுள்ள, ஒன்றரை அங்குல ஆங்கிள். போல்ட் இல்லாமல் கொக்கியில் மாட்டும் வகைகளில் நிலைக்காலில் 25 அல்லது 50 மில்லிமீட்டருக்கு ஒரு துளை இருக்கும். ரேக் பக்கவாட்டில் ஆடாமல் இருக்க முதுகில் குறுக்குப் பட்டைகள் வேண்டும். விலை குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இந்தக் குறுக்குப் பட்டையில்தான். வாங்குபவர் கண்ணில் படாத பொருள் அது.

பட்டறையில் வேலை நடக்கும் விதம் பார்க்கத் தக்கது. எட்டுக்கு நான்கு அடி சி.ஆர். தகட்டை வெட்டி, மூலைகளில் சதுரம் கத்தரித்து, பிரஸ் பிரேக்கில் மடிப்பார்கள். முதல் தட்டு இறங்கியதும் வேலை நின்றுவிடும். ஆபரேட்டர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூலைமட்டத்தை உள் மூலையில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மிஷினைத் திருத்திவிட்டுத்தான் இரண்டாவது தட்டு. மூலை அரை மில்லிமீட்டர் விலகினால் தட்டு மாட்டும்போது போல்ட் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. அதன் பிறகு எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் நீக்கி, பாஸ்பேட் பூச்சுக் கொடுக்கும் தொட்டிகள். ஏழு தொட்டி என்றே தொழிலில் பெயர். பிறகு பவுடர் தெளித்து, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வேக வைப்பார்கள். தொட்டி வேலையைச் சுருக்கிவிட்டு மேலே எவ்வளவு பளபளப்பாகப் பவுடர் அடித்தாலும், இரண்டு மழைக்காலத்தில் பொருக்கு பொருக்காக உரியும்.

எவர்சில்வர் ரேக் எல்லா இடத்துக்கும் தேவையில்லை. ஊசி மருந்து கலக்கும் அறை, புற்றுநோய் மருந்து அறை போன்ற, அடிக்கடி கழுவித் துடைக்கும் இடங்களுக்கு அது வேண்டும். சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்திலிருந்து எவர்சில்வர் தகடு உருட்டி வருவதால் அந்தத் தகடு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

எதை எங்கே வைப்பது

ஒரு ரேக்கின் தாங்குதிறனை எளிதில் மீறுவது குளுக்கோஸ் பாட்டில். அரை லிட்டர் பாட்டில் 24 கொண்ட பெட்டியில் திரவம் மட்டுமே 12 கிலோ. பாட்டிலும் அட்டையும் சேர்த்தால் 13 கிலோவை நெருங்கும். மேற்சொன்ன 3 அடித் தட்டில் மூன்று பெட்டியாக இரண்டு அடுக்கு வைத்தால் 78 கிலோ. இலகு ரகத் தட்டுக்கு அது விளிம்பு. முதலில் தட்டின் நடுவே ஒரு தொய்வு தெரியும். பிறகு அடியில் உள்ள பெட்டி பிதுங்கும். பாட்டில் பெட்டிகளைத் தரையிலிருந்து 10 சென்டிமீட்டராவது உயர்ந்த மரப் பலகை அல்லது பிளாஸ்டிக் பேலட்டில் அடுக்குவதே சரி. சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் இடைவெளி, 2.5 மீட்டருக்கு மேல் போகாத உயரம் என்பவை உலகெங்கும் கிடங்குகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகள்.

மருந்து ரேக்கைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் உயரத்தைப் பேசுகிறார்கள். பேச வேண்டியது ஆழத்தை. ‘முதலில் காலாவதியாவது முதலில் வெளியே’ என்பது மருந்துக் கிடங்கின் அடிப்படை விதி. புதிய சரக்கு பின்னால், பழைய சரக்கு முன்னால். 2 அடி ஆழமுள்ள தட்டில், அவசரத்தில் வந்த பெட்டியை முன்பக்கமே வைத்துவிடுவார்கள். பழையது சுவரோரம் ஒதுங்கும். வருடக் கடைசியில் கணக்கெடுக்கும்போது அது காலாவதித் தேதியோடு வெளியே வரும். காலையில் இருந்து வரிசையில் நின்ற ஒருவருக்கு ‘மருந்து இல்லை’ என்று சொல்லி அனுப்பிய அதே மருந்தாக அது இருக்கக்கூடும். மாத்திரை அட்டைகளுக்கு 1 அடி ஆழம் போதும். பெட்டிகளுக்கு 1½ அடி. இரு பக்கமும் ஆள் போக வழி விட்டு ரேக்கை நிறுத்தினால் ஒரு பக்கம் ஏற்றி மறு பக்கம் எடுக்கலாம். இடம் கொஞ்சம் போகும், மருந்து வீணாவது நிற்கும்.

தட்டை ஏற்றி இறக்க முடிவதன் அருமையும் இங்கேதான் தெரியும். பெட்டிக்கு மேலே ஒரு சாண் காலியாக இருந்தால் அங்கே இன்னொரு மருந்தைத் திணிக்கக் கை தானாகப் போகும். இரண்டு துளை இறக்கி மாட்டினால் அந்த ஆசைக்கு இடமில்லை, கூடுதலாக ஒரு தட்டும் கிடைக்கும். மருந்தாளுநரே ஒரு ஸ்பேனரோடு பத்து நிமிடத்தில் இதைச் செய்ய முடிய வேண்டும். ஆள் கூப்பிட்டால்தான் முடியும் என்ற ரேக்கை யாரும் மாற்றி அமைப்பதே இல்லை.

அகர வரிசையில் அடுக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. டோபமின், டோபுட்டமின் இரண்டும் இதய நோயாளிகளுக்கான ஊசி மருந்துகள். செயல் வேறு, அளவு வேறு. அகர வரிசை அவற்றை அருகருகே கொண்டுவந்து நிறுத்தும். நெருக்கடி நேரத்தில் நீளும் கைக்குப் பெயரின் முதல் பாதிதான் தெரியும். ஆகவே பெயரோ பெட்டியோ ஒத்திருக்கும் மருந்துகளை வேறு வேறு தட்டில், நடுவே தடுப்பு வைத்து, நிறம் மாற்றிய லேபிளோடு வைக்கிறார்கள். அடர் பொட்டாசியம் குளோரைடு ஊசி சாதாரண ஊசிகளின் வரிசையிலேயே இருக்கக் கூடாது. மார்ஃபின் போன்றவையும், மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ளவையும் திறந்த ரேக்குக்கு வரக் கூடாதவை. அவற்றுக்குப் பூட்டுள்ள பீரோதான். இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 டிகிரிக்குள், குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டும்.

வெயில், ஈரம், நிலநடுக்கம்

பெரும்பாலான மாத்திரைகளின் அட்டையில் 30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும் என்றோ 25 டிகிரிக்குக் கீழ் என்றோ அச்சிட்டிருக்கும். ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரையோ காங்கிரீட் கூரையோ, சூடு மேலே தங்குவதால் மேல் தட்டு கீழ்த்தட்டைவிடச் சூடாகவே இருக்கும். மேசைமேல் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து ஏட்டில் எழுதுவதோடு மேல் தட்டிலும் ஒன்றை வைக்க வேண்டும். மேல் தட்டுக்குக் கட்டுத்துணியும் பஞ்சும் போகட்டும். மேற்குச் சுவரை ஒட்டி ரேக் நிறுத்தினால் பிற்பகல் சூடு இரும்பு வழியாகவே மருந்துக்கு வரும்.

வால்பாறையின் நிலை நேரெதிர். தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் காயாத ஊர் அது. அங்கே பூச்சுக்கு அடியில் துத்தநாகம் ஏற்றிய ஜி.ஐ. தகடு தேவை.

1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தில் ரிக்டர் அளவில் 6-ஐ ஒட்டிய நிலநடுக்கம் ஏற்பட்டது. தென்னிந்தியாவின் பெரிய நிலநடுக்கங்களில் ஒன்று. உயரமான ரேக்குகளைத் தரையோடும் ஒன்றோடொன்றும் போல்ட் போட்டு இணைப்பதற்கு இந்த ஒரு தேதியே போதிய காரணம். பேரிடர் நாளில்தான் அந்த மருந்துகள் உடனே தேவைப்படும்.

பராமரிப்பு

ரேக் துருப்பிடிக்கத் தொடங்குவது எப்போதும் அடி மூன்று அங்குலத்தில். தரை துடைக்கும் பிளீச்சிங் தண்ணீர் ஆங்கிளின் வெட்டுமுனையில் தேங்கும். பூச்சு படாத இடம் அது. பிளீச்சிங்கில் உள்ள குளோரின் எவர்சில்வரையும் விடுவதில்லை. காலுக்குப் பிளாஸ்டிக் செருப்பு மாட்டி, துடைத்த பிறகு உலர் துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்தால் பல ஆண்டுகள் கூடுதலாக வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போல்ட்டுகளை முடுக்கி, தட்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். தொய்ந்த தட்டைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துவது பல இடங்களில் காணும் வழக்கம். அதைச் செய்யக் கூடாது. ஒருமுறை வளைந்த மடிப்பு பழைய பாரத்தைத் தாங்காது. காலின் அடிப்பகுதி மட்டும் அரித்திருந்தால் அரை அடி வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய ஆங்கிளில் உயரம் குறைந்த ரேக் ஒன்றை வார்டு ஸ்டோருக்குக் கட்டிக்கொள்கிறார்கள்.