எண்ணூறு கிராமும் கடற்காற்றும்: மலிவான சிறு ஆளில்லா விமானத்தின் வடிவமைப்பு

1. ஆய்வின் எல்லை

சி. ராஜம் தம் வீட்டை விற்று 1949-இல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா அணி, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. இக்கட்டுரை அந்த உயரத்துக்குப் போகவில்லை. அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ ஒரு மாணவர் மொட்டைமாடி அறையில் தம் கையால் கட்டி, விழுந்தால் அன்றிரவே ஒட்டி, மறுநாள் பறக்கவிடக்கூடிய விமானமே இதன் பொருள். மலிவை நான் அளப்பது அந்தப் பழுதுச் செலவை வைத்துத்தான்.

2. எடையும் காற்றும்

சிறகின் நீளம் 1 மீட்டர், அகலம் 20 செ.மீ., மொத்த எடை 800 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.15 கிலோ. வேகம் வினாடிக்கு 8 மீட்டருக்குக் கீழே போனால் இந்தச் சிறகு எடையைத் தாங்காது. ஆகவே 11 மீட்டரில் பறக்க வேண்டும்.

கோடைப் பிற்பகலில் பெசன்ட் நகர்க் கரைக்குக் கடற்காற்று 6 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொண்டால், அதை எதிர்த்து ஒரு கிலோமீட்டர் போக 200 வினாடி ஆகும். காற்றோடு திரும்ப ஒரே நிமிடம். அதனால் போகும்போதே காற்றை எதிர்த்துப் போய்விட வேண்டும். பேட்டரி வற்றும் நேரத்தில் எதிர்காற்றில் மாட்டிக்கொண்ட விமானம் வீடு திரும்பாது.

மூன்று செல், 2200 மில்லியாம்பியர்-மணி லிப்போ பேட்டரி ஏறத்தாழ 24 வாட்-மணி தரும். சீராகப் பறக்க 32 வாட் போதும் என்பதால் முக்கால் மணி நேரம் கிடைக்கும். கூடுதல் நேரத்துக்கு ஆசைப்பட்டு 200 கிராம் ஏற்றினால், தாங்கும் வேகம் 8-லிருந்து ஏறக்குறைய 9 ஆகும். மோதலின் ஆற்றல் ஒன்றரை மடங்கைத் தாண்டும். இந்த ஆசையை அடக்குவதுதான் வடிவமைப்பில் எனக்குக் கடினமாக இருந்த வேலை.

3. கட்டுதல்

உடலுக்கும் சிறகுக்கும் தெர்மாகோல், சிறகின் முதுகெலும்பாக ஒரு கார்பன் குழாய். முதல் சிறகில் அவசரப்பட்டு பெவிகுயிக் விட்டேன். சொட்டு விழுந்த இடம் கண்ணெதிரே கரைந்து குழியானது. பெவிகால் ஓரிரவு கேட்கும், ஆனால் தெர்மாகோலைத் தின்னாது. சிறகைத் திருகாணியால் இறுக்காமல் ரப்பர் பேண்டால் கட்டினால், மோதும்போது அது கழன்று விழுமே தவிர முறியாது. மோட்டாரும் சர்வோவும் ரிச்சி தெருவில் தேடலாம். தானாகப் பறக்க வைக்கும் ஆர்டுபைலட் மென்பொருள் இலவசம்.

4. பறக்கவிடுதல்

2021 டிரோன் விதிகளின்படி, 250 கிராமைத் தாண்டினால் அது நானோ வகை அல்ல; பதிவு வேண்டும். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள வளையத்தில் 200 அடிக்கு மேல் அனுமதி தேவை. மயிலாப்பூர் ஏறத்தாழ அந்த வளையத்தில்தான் வருகிறது. எங்கே பறக்கவிட்டாலும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பாருங்கள்.

கடற்காற்று எழுமுன், விடிகாலையில் போங்கள். சிறகின் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளே, இருபுறமும் ஒவ்வொரு விரலால் தாங்கிப் பிடியுங்கள். மூக்கு சற்றே தாழ்ந்தால் கையிலிருந்து விடலாம். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளி, மறுபடி விரலில் நிறுத்திப் பாருங்கள்.