மணலுக்குள் போன குச்சி

சுவர்ணமுகியில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் ஓடாது. சந்திரகிரி, திருச்சானூர், காளஹஸ்தி என்று எங்கே இறங்கினாலும் காலில் படுவது மணல்தான். 2021 நவம்பரில் கரையோர வீடுகளைச் சரித்துக்கொண்டு ஓடிய ஆறு இதே ஆறுதான் என்று கோடையில் பார்ப்பவர் நம்பமாட்டார். காளஹஸ்திக் கலம்காரிக்காரர்கள் துணி அலச இந்த ஆற்றில் தண்ணீரைத் தேடினார்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. ஒரு முறம் மணலும் விரல் நீளக் குச்சி ஒன்றும் கிடைத்தால் ஒரு மாலைப்பொழுது ஓடிவிடும்.

குச்சியை மணலில் ஒளிக்கும் இந்த ஆட்டத்தைத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் என்பார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகளுக்கு அது சிக்குச்சிக்கு புல்ல. மணலை நீளவாக்கில் கரைபோல் குவித்து, எதிரெதிரே இருவர் உட்கார வேண்டும். ஒருவர் குச்சியை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து, ஆட்டத்துக்கான பாட்டைச் சொல்லிக்கொண்டே கரைக்குள் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓட்டுவார். எங்கோ ஓர் இடத்தில் விட்டுவிட்டு, விடாததுபோல் வெறுங்கையை இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோவார். எதிரே இருப்பவர் இரு கைகளையும் கோத்து, குச்சி இருப்பதாக நினைக்கும் இடத்தின்மேல் கவிழ்ப்பார். கைக்குள் குச்சி அகப்பட்டால் அடுத்து ஒளிக்கும் முறை அவருடையது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கோத்த கைகள் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தை மறைக்கும். கரை ஒரு முழம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் பாதி வாய்ப்பு உண்டு. இரண்டு முழமாக நீட்டினால் அது காலாகக் குறைந்துவிடும். கரையின் நீளத்துக்காகப் பிள்ளைகள் சண்டை போடுவது வீம்புக்காக மட்டும் அல்ல.

தேர்ந்த கைக்காரருக்கு இந்தக் கணக்கும் ஒரு பொருட்டல்ல. அவர் மணலைப் பார்ப்பார். ஆற்றுமணல் மேலே காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே ஈரமாகக் கறுத்திருக்கும். அவசரக்காரன் குச்சியை ஆழமாகச் செருகினால் அடிமணல் மேலே வந்து, அந்த இடம் மட்டும் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் மேலே, எதிராளியின் முகம். பாட்டு எந்தச் சொல்லில் ஒரு நொடி தயங்கியது, மணிக்கட்டு எங்கே தளர்ந்தது என்பதில்தான் கண் இருக்கும். ஒளிந்திருப்பது குச்சி என்றாலும், தேடப்படுவது ஒளித்தவனின் மனம்.

தோற்றவருக்கு இரண்டாம் பாகம் காத்திருக்கிறது. அவருடைய இரு கைகளிலும் மணலை அள்ளி வைத்து, அதன்மேல் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்தி அழைத்துப்போவார்கள். நேராகப் போகிற வழியில் வேண்டுமென்றே வளைத்து வளைத்து நடத்தி, ஏதோ ஓர் இடத்தில் மணலைக் கொட்டச் செய்து, திரும்பவும் சுற்றி அழைத்துவந்து கண்ணைத் திறந்துவிடுவார்கள். கொட்டிய இடத்தை அவரே கண்டுபிடிக்க வேண்டும். காலுக்குக் கீழே வெயில் மாறி நிழல் வந்ததும், தூரத்தில் கேட்ட கோயில் மணி எந்தக் காதுப்பக்கம் கேட்டது என்பதும்தான் அவருக்குக் கிடைத்த துப்பு.

தேவநேயப் பாவாணர் 1954-இல் எழுதிய 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' நூலில் இதைக் கிச்சுக்கிச்சுத் தம்பலம் என்று பதிவு செய்திருக்கிறார். ஆட்டத்தின் வயதைச் சொல்ல ஆதாரம் வேண்டும் என்றால் அங்கிருந்து சற்று எச்சரிக்கையாகத்தான் பின்னே போக வேண்டும். நற்றிணையின் 172-ஆம் பாட்டில், தோழிகளோடு விளையாடும்போது வெண்மணலில் அழுத்தி வைத்த புன்னை விதையை மறந்துபோகிறாள் ஒரு பெண். அது முளைத்து மரமாகிறது. அந்த மரத்தை அவளுக்குத் தங்கை என்றே தாய் சொல்கிறாள். இதே ஆட்டம்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது. மணலில் பொருளை ஒளிப்பது அப்போதே விளையாட்டாக இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. மணலில் ஆடும் இன்னொன்றும் உண்டு: ஆண்டாளின் நாச்சியார் திருமொழி நான்காம் பத்து கூடல் இழைப்பது பற்றியது. கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து, முனைகள் கூடுகின்றனவா என்று குறி பார்ப்பார்கள். அந்தப் பத்தில் வேங்கடத்தின் பெயரும் வருகிறது. இன்றைய திருப்பதிக்காரர் பெருமைப்பட்டுக்கொள்ள அது போதும்.

அந்த வேங்கட மலைக்குக் கீழே இருக்கும் மண்ணின் மேல் கோடுகள் மாறிக்கொண்டே இருந்தன. 1911 ஏப்ரல் 1-இல் வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வட்டங்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 1960 ஏப்ரல் 1-இல், எல்லைத் தகராறுக்கான படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்குப் போனது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமானது. எந்தக் கோடும் இந்த ஆட்டத்தைப் பிரிக்கவில்லை. நகரியிலும் குப்பத்திலும் ஒரே தெருவில் பாட்டு இரண்டு மொழியில் ஓடும், மணல்மேடு ஒன்றாகவே இருக்கும்.

உலகத்திலும் இதற்குச் சொந்தங்கள் உண்டு. அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஆட்டங்களை ஸ்டீவர்ட் குலின் 1907-இல் பெரிய நூலாகத் தொகுத்தார். அதில் தென்மேற்குப் பகுதியின் பீமா மக்கள், நான்கு நாணல் குழல்களில் மணல் நிரப்பி, ஒன்றில் மட்டும் ஒரு விதையை ஒளித்து ஆடுவது வருகிறது.

பிறகு பொருள் தேடும் ஆட்டம் படத்துக்குள் புகுந்தது. 1987-இல் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் தன் படப்புத்தகத்தில் கூட்டத்துக்குள் கோடு போட்ட சட்டைக்காரனை ஒளித்து வைத்தார். 2005-இல் பிக் ஃபிஷ் நிறுவனத்தின் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' கணினியில் வந்து, தட்டுமுட்டுச் சாமான் நிறைந்த அறைக்குள் பொருள் தேடுவதையே ஒரு தனி வகையாக்கியது. இப்போது அந்த வகை ஆட்டங்கள் படத்தைத் துலக்கி, இசையைப் புதுப்பித்துத் திரும்ப வருகின்றன. பழைய ரசிகர்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். ஆனால் முதல்முறை ஆடியபோது குடை எந்த மூலையில் இருந்தது என்பது கண்ணுக்கு நினைவிருக்கிறது. மணல் ஆட்டத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது. நேற்று ஒளித்த இடம் இன்றைக்கு உதவாது.

மணல் ஆட்டத்துக்குப் புதுப் பதிப்பு கொண்டுவருவதில்தான் சங்கடம். சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-இல் தொடங்கிய 'கிரீடா' பல்லாங்குழியையும் பரமபதத்தையும் பெட்டியில் போட்டு வீடுகளுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. பலகையும் காயும் உள்ள ஆட்டங்களுக்கு அது பொருந்தும். மணல்மேட்டைப் பெட்டியில் அடைப்பது எப்படி? ஸ்வீடனில் பிறந்த கைனெடிக் சாண்ட் கடைகளில் கிடைக்கிறது. 98 சதவீதம் மணல், 2 சதவீதம் சிலிக்கோன் எண்ணெய். கையில் ஒட்டாது, தரையில் சிதறாது, தாய்மாருக்கு நிம்மதி. ஆனால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் அந்த மணலில் விரல் போன தடம் அப்படியே நிற்கும். சரிந்து மூடிக்கொள்ளாத மணலில் எதை ஒளிப்பது?

ஆற்றுமணலோ கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது. மணல் அள்ளுவதையும் கட்டுப்படுத்தும் வகையில் ஆந்திராவில் 2002-இலேயே நீர், நில, மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் சுவர்ணமுகியில் லாரிகள் ஓயவில்லை. முன்பு தெருவில் யார் வீடு கட்டினாலும் வாசலில் ஒரு மணல்மேடு குவியும். கொத்தனார் மாலையில் கிளம்பியதும் அது பிள்ளைகளுடையது. இப்போது பல இடங்களில் குவிவது எம்-சாண்ட். பாறையை உடைத்துச் செய்தது என்பதால் மணிகள் உருண்டையாக இல்லாமல் முனை முனையாக இருக்கும். அதில் விரலை ஓட்டினால் நகக்கண் எரியும். ஆகவே இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் பள்ளிகள் முதலில் தேடவேண்டியது சலித்த ஆற்றுமணலை. அகலமான தட்டில் கொட்டினால் முதல் பாகத்தை வகுப்பறையிலேயே ஆடலாம். கண்ணைப் பொத்திக்கொண்டு போகும் இரண்டாம் பாகத்துக்கு மைதானம் வேண்டும், வளைந்து வளைந்து கூட்டிப்போக நம்பகமில்லாத ஒரு கூட்டாளியும் வேண்டும்.