பூண்டு தின்ற பசு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில், பாட்டி இருந்தவரை வெங்காயமும் பூண்டும் வாசற்படி தாண்டியதில்லை. பெருமாள் மடைப்பள்ளியில் நுழையாதது நம் அடுப்பில் எதற்கு என்பது அவள் கட்சி. அப்பாவுக்கு ஆபீஸ் திருச்சியில். காந்தி மார்க்கெட் பக்கம் போனால் பெரம்பலூர், துறையூர் சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருக்கும். மத்தியானம் ஹோட்டலில் வெங்காய சாம்பாரை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஏலக்காய் மென்றபடி காவிரிப் பாலம் தாண்டி வருவார். பாட்டிக்குத் தெரியும். கேட்கமாட்டாள்.

இந்த வீட்டுக்குள் பூண்டு முதலில் வந்தது மருந்தாகத்தான். 1998-ல் எங்கள் அத்திம்பேருக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். டாக்டர் உடனே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். அதற்குள் யாரோ ஒரு பத்திரிகைத் துணுக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். பூண்டு புற்றுநோயைக் கரைக்கும் என்று அதில் போட்டிருந்தது. அறுபத்தெட்டு வயது வரை பூண்டைக் கையால் தொடாத மனிதர், தினம் பத்துப் பல் நசுக்கித் தேனில் குழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். "கத்தி வைக்கறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடலாமேடா" என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன். வாரம் தவறாமல் மார்க்கெட்டில் பூண்டு வாங்கி வந்து கொடுத்தவனே நான்தான். மூன்று மாதம் அப்படிப் போயிற்று. பிறகு ஆபரேஷன் செய்தும் பயனில்லை. முன்பே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அந்தத் துணுக்கில் எவ்வளவு உண்மை? ரிட்டயர் ஆன பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

நம் நாட்டில் பூண்டின் கதை விலக்கும் மருந்துமாகச் சேர்ந்தே வருகிறது. மனு ஸ்மிருதி வெங்காயம், பூண்டு, காளான் மூன்றையும் விலக்கச் சொல்கிறது. வைத்திய நூல்களோ பூண்டைக் கொண்டாடுகின்றன. 1890-ல் மத்திய ஆசியாவின் கூச்சா நகரில் ஹாமில்டன் பவர் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு பழைய மரப்பட்டைச் சுவடியை வாங்கினார். சுமார் 1500 வருஷத்துக்கு முந்தைய சமஸ்கிருதச் சுவடி அது. அதன் ஆரம்பத்திலேயே பூண்டைப் பற்றிய பகுதி இருக்கிறது. அமுதத்தைக் குடித்த அசுரனின் தலையை ஜனார்தனன் கொய்தபோது பூமியில் சிந்திய துளிகளே பூண்டாயின. அசுரன் உடம்பில் பட்டதால் பிராமணர் உண்பதில்லை என்கிறது கதை. அதோடு விடவில்லை, ஒரு குறுக்கு வழியும் சொல்கிறது. பசுவுக்கு மூன்று நாள் புல்லைக் குறைத்துவிட்டு, பிறகு இரண்டு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பூண்டுத் தாள் கலந்து கொடுக்கவேண்டும். அந்தப் பாலையோ தயிரையோ பிராமணர் சாப்பிடலாம். ஆசாரமும் கெடாது, வியாதியும் போகும்! அப்பாவின் ஏலக்காய் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

இனி ரசாயனத்துக்கு வருவோம். 1944-ல் அமெரிக்காவில் கவலிட்டோ, பெய்லி என்ற இருவர் பூண்டிலிருந்து அல்லிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். முழுப் பல்லில் அது கிடையாது. நசுக்கும்போது ஒரு நொதி, அல்லியின் என்ற பொருளோடு சேர்ந்து அப்போதுதான் அதை உண்டாக்குகிறது. நசுக்கினால்தான் நெடி கிளம்புவது அதனால்தான். கிருமிகளை அது தடுப்பதையும் அவர்கள் காட்டினார்கள். 1957-ல் வைஸ்பெர்கர், பென்ஸ்கி என்ற இருவர், எலியின் புற்றுக்கட்டி செல்களைப் பூண்டுச் சத்தோடு சேர்த்து வைத்திருந்து பிறகு எலிக்குள் செலுத்தினார்கள். கட்டி வளரவில்லை. பெரிய செய்திதான். ஆனால் செல்களை ஊறவைத்தது உடம்புக்கு வெளியே! அத்திம்பேரின் கட்டியோ உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது.

'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற சொல்லும் அப்படித்தான். 1958-ல் பிளாய்ஸ் என்பவர் சொன்ன சோதனை இன்று கல்லூரி ஆய்வகங்களிலெல்லாம் நடக்கிறது. ஊதா நிறக் கரைசலில் செடிச் சாற்றை விட்டால் மஞ்சளாக வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சக்தி என்று கணக்கு. வெங்காயத்தில் க்வெர்செடின் என்ற பொருள் இருக்கிறது, வெளிப் பக்கத்துச் சருகிலும் அடுக்கிலும் அதிகம். அதனால் நன்றாகவே வெளுக்கும். ஆனால் அது குப்பிக்குள் நடப்பது. சாப்பிட்டதில் எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பது வேறு கேள்வி.

மனிதர்களிடம் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். சீனாவின் ஷான்டாங் மாகாணத்தில், வயிற்றுப் புற்றுநோய் அதிகமுள்ள லின்சூ வட்டாரத்தில், 1995-ல் 3365 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஏழு வருஷத்துக்கு மேல் பூண்டு மாத்திரை. 2006-ல் பார்த்தபோது பலன் தெரியவில்லை. 22 வருஷம் கழித்து, 2019-ல் வந்த முடிவில், பூண்டு எடுத்தவர்களிடம் வயிற்றுப் புற்றுநோயால் வந்த சாவு குறைந்திருந்தது. நோய் வருவது உறுதியாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. ஆய்வு செய்தவர்களே இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும் என்றார்கள். அதிலும் சேர்ந்தவர்கள் புற்றுநோய் வந்தவர்கள் அல்ல, வருமுன் காக்க முடியுமா என்று பார்க்கப்பட்டவர்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போட அதில் ஒரு வரி ஆதாரமும் கிடையாது. சொல்லப்போனால், பூண்டு மாத்திரை ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடும் என்பதால், ஆபரேஷனுக்கு முன் அதை நிறுத்தச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 'காட்டுப் பூண்டு, காட்டு வெங்காயம் புற்றுநோய்க்கு நல்லது' என்று போனில் சுற்றுகிறது. மேல்நாட்டில் அந்தப் பெயரில் சொல்வது நம் பூண்டின் இனத்துச் செடிகளை. நம் ஊரில் காட்டு வெங்காயம் என்றால் நரிவெங்காயம். கிழங்கு வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் வெங்காயமே அல்ல. இதயத்துடிப்பைப் பாதிக்கும் விஷம் அதில் இருக்கிறது. வைத்தியர்கள் அளவறிந்து பயன்படுத்தியது, நாம் அரைத்துக் குடிக்க அல்ல. பெயரை நம்பினால் இப்படி ஏமாறுவோம் என்பதால்தான் உலர்த்திய செடிகளைப் பெயரிட்டுச் சேர்த்து வைக்கிறார்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பாதிரியார் கே.எம். மேத்யூ 1967-ல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் அப்படிப்பட்ட இடம். எந்தச் செடியின் சாறு என்று தெரியாமல் அதன் குணத்தைப் பேசுவதில் அர்த்தமில்லை.

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் சின்ன வெங்காய சாம்பார் உண்டு. ருசிக்காகச் சாப்பிடுகிறோம். உடம்புக்கும் நல்லதாக இருந்தால் சந்தோஷம். அந்தத் துணுக்கு இன்னும் அத்தையின் பெட்டியில், அத்திம்பேரின் மருத்துவச் சீட்டுகளோடு இருக்கிறது. சென்ற மாதம் எடுத்துப் படித்தேன். பெரிய எழுத்தில் 'கரைக்கும்' என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் 'எலிகளில்' என்று இருந்தது. அன்றைக்கு அந்த வரியை நான் படிக்கவில்லை.