ஃபைல் பெயருக்குப் பின்னாடி இருக்கும் மூணு எழுத்து

பக்கத்துல லேப்டாப் இருந்தா ஒரு சின்ன வேலை செய்யுங்க. உங்க ரெஸ்யூமே வேர்ட் ஃபைலை ஒரு காப்பி எடுத்துக்கோங்க. பெயரின் கடைசியில் டாட் டாக்எக்ஸ் என்று இருக்கும். அதை அழிச்சிட்டு டாட் ஜிப்னு மாத்துங்க. இப்படி மாத்தினா ஃபைல் உபயோகம் இல்லாம போகலாம்னு விண்டோஸ் பயமுறுத்தும். பரவாயில்ல, சரின்னு கொடுங்க. இப்போ திறந்து பாருங்க. உள்ளே ஃபோல்டர்கள், எக்ஸ்எம்எல் ஃபைல்கள் எல்லாம் இருக்கும். ரெஸ்யூமேல ஒட்டின போட்டோகூட தனியா ஒரு படமா உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, ஒரு போட்டோவோட பெயரை டாட் பிடிஎஃப்னு மாத்திப் பாருங்க. பிடிஎஃப் ரீடர் அதைத் திறக்காது. பிரியாணிக் கடை போர்டை மாட்டினதால டீக்கடைக்குள்ள தம் பிரியாணி வந்துடாது இல்லையா? எக்ஸ்டென்ஷன்ங்கறது போர்டு மட்டும்தான். அதை மாத்தினா ஃபைலுக்குள்ள ஒரு பைட்கூட நகராது.

அப்போ முதல் தடவை மட்டும் ஏன் வேலை செஞ்சுது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனா, கேம் மாடிங் வரலாறு முழுக்க வந்து நிக்குது. இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல, ஏன் மூணு எழுத்து? 1960களில் டெக் நிறுவனம் செய்த பிடிபி-10 போன்ற கணினிகளில் ஒரு ‘வேர்ட்’ என்பது 36 பிட். ஓர் எழுத்துக்கு 6 பிட் என்று வைத்தால், ஒரு வேர்டில் ஆறு எழுத்து அடங்கும். ஃபைல் பெயருக்கு ஒரு முழு வேர்டைக் கொடுத்தார்கள். எக்ஸ்டென்ஷனுக்குப் பாதி வேர்டுதான் கிடைத்தது, அதாவது 18 பிட். அதுதான் நம்ம மூணு எழுத்து. இடப் பற்றாக்குறையில பிறந்த கணக்கு இது.

டெக் கணினிகளில் பழகிய கேரி கில்டால், 1974இல் சிபி/எம் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதினார். அதில் பெயருக்கு எட்டு எழுத்து, எக்ஸ்டென்ஷனுக்கு மூணு. 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் அதே கணக்கை எடுத்துக்கொண்டது. டாஸுக்குப் பிறகு விண்டோஸ், அதுக்குப் பிறகு நாம.

யூனிக்ஸ் பக்கம் கதை வேற. அங்கே புள்ளிங்கறது பெயரில் வரும் இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். ஒரு ஃபைல் என்ன வகைன்னு தெரியணும்னா, உள்ளே இருக்கும் முதல் சில பைட்களைப் பார்ப்பார்கள். அதுக்கு ‘மேஜிக் நம்பர்’னு பேரு. டாஸ் ஃபைல்களுக்கும் இது உண்டு. எந்த இஎக்ஸ்இ ஃபைலைத் திறந்தாலும் முதல் இரண்டு எழுத்து ‘எம்இஸட்’ என்றிருக்கும். அந்த ஃபார்மேட்டை வடிவமைத்த மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல் அது. போர்டை யார் வேணாலும் மாத்தலாம். முகத்துல இருக்கற மச்சம் அப்படியே இருக்கும்.

இப்போ கேமுக்கு வருவோம். 1992 மே மாதம் ஐடி சாஃப்ட்வேர் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம் வுல்ஃபன்ஸ்டைன் 3டி கேமை வெளியிட்டது. முதல் எபிசோட் இலவசம். பிடித்திருந்தால் காசு கொடுத்து ஆறு எபிசோடும் வாங்கலாம். இலவசப் பதிப்பின் டேட்டா ஃபைல்களுக்கு டபிள்யூஎல்1 என்று எக்ஸ்டென்ஷன். முழுப் பதிப்புக்கு டபிள்யூஎல்6. அதாவது இங்கே மூணு எழுத்து சொன்னது ஃபைலின் வகையை இல்லை. நீங்க எவ்வளவு வாங்கியிருக்கீங்கன்னு சொல்லுச்சு.

ரசிகர்கள் சும்மா இருப்பாங்களா? அந்த ஃபைல்களைப் பிரித்து, மேப் எடிட்டர் எழுதி, சுவர்களையும் எதிரிகளையும் மாற்ற ஆரம்பித்தார்கள். யாரும் அனுமதி கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. ஒரே ஒரு சிக்கல்: ஒரிஜினல் ஃபைல் மேலேயே எழுத வேண்டியிருந்தது. பழைய கேம் வேணும்னா மறுபடி இன்ஸ்டால் பண்ணணும்.

இதை ஐடியின் புரோகிராமர் ஜான் கார்மாக் கவனித்தார். 1993 டிசம்பர் 10 அன்று டூம் வெளிவந்தபோது, இன்ஜின் தனி, டேட்டா தனி என்று பிரிந்திருந்தது. மேப், படம், சத்தம் எல்லாம் ‘வேட்’ என்ற எக்ஸ்டென்ஷன் கொண்ட ஒரு ஃபைலுக்குள் போயின. ‘டேட்டா எல்லாம் எங்கே?’ என்று அர்த்தம் வரும் ஆங்கிலக் கேள்வியின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். அதைச் சூட்டியவர் டாம் ஹால்.

வேட் ஃபைலுக்குள் முதல் நாலு எழுத்து ‘ஐவேட்’ அல்லது ‘பிவேட்’ என்று இருக்கும். ஐவேட் என்றால் கேமின் சொந்த டேட்டா. பிவேட் என்றால் மேலே ஒட்டும் பேட்ச். ரசிகர் செய்த பிவேடை கேமோடு சேர்த்து ஓட்டினால், அந்த மேப் வரும், மூடினால் போய்விடும். ஒரிஜினல் அப்படியே இருக்கும். இன்னொரு விஷயம், இலவசப் பதிப்பு வெளி வேட் ஃபைல்களை ஏற்காது. மாடு வேணும்னா கேமை வாங்கணும். கதவைத் திறந்துவெச்சாங்க, டிக்கெட் கவுன்ட்டரையும் பக்கத்துலயே வெச்சாங்க.

ஆனா கவனிங்க, வேட் ஃபைலை ஜிப்னு பெயர் மாத்தினா திறக்காது. அது ஐடி தனக்காக உருவாக்கின ஃபார்மேட். அதைப் படிக்க ரசிகர்கள் தனியா டூல் எழுத வேண்டியிருந்தது. அந்த வேலையும் தேவையில்லாம போனதுக்குக் காரணம் இன்னொரு ஆள். அவர் கேம் செய்தவர் இல்லை.

ஃபில் காட்ஸ். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துப் புரோகிராமர். 1980களில் ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள் எழுதினார். ‘ஆர்க்’ என்ற ஃபார்மேட்டை வைத்திருந்த நிறுவனம் 1988இல் அவர்மேல் வழக்குப் போட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன்பின் அவர் புதிதாக ஒரு ஃபார்மேட்டை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அதன் விவரங்களை வெளியிட்டார். 1989இல் வந்த அதுதான் ஜிப். எந்த ஜிப் ஃபைலைத் திறந்தாலும் முதல் இரண்டு எழுத்து ‘பிகே’. அவருடைய இனிஷியல். 2000 ஏப்ரலில், 37 வயதில், அவர் இறந்துபோனார். உங்க ரெஸ்யூமே, உங்க போன்ல இருக்கற ஏபிகே எல்லாத்தோட முதல் இரண்டு எழுத்திலும் அவர் இன்னும் இருக்கார்.

1999 டிசம்பரில் வந்த குவேக் 3 அரீனாவில் கார்மாக் குழு அந்த ஜிப்பையே எடுத்துக்கொண்டு, ‘பிகே3’ என்று போர்டை மட்டும் மாட்டியது. ஜிப்னு பெயர் மாத்தினா போதும், கேமின் மேப்பும் படங்களும் கண் முன்னாடி. தனி டூல் வேண்டாம். அதோட, கேம் இந்த ஃபைல்களை அகர வரிசையில் படிக்கும். பின்னால் வருவது முன்னால் இருப்பதை மறைக்கும். அதனால மாடர்கள் பெயரை மூணு இஸட் போட்டு ஆரம்பிச்சாங்க. கடைசியா வந்தா ஜெயிக்கலாம்!

ஏமாத்து வேலைக்கும் இது வழிதான். உங்க மெஷின்ல இருக்கற படத்தை மாத்தி எதிராளியைப் பளிச்சுனு தெரிய வைக்கலாம். அதனால, விளையாடுறவர் வெச்சிருக்கற பிகே3 ஃபைலும் தன்கிட்ட இருக்கறதும் ஒண்ணுதானான்னு செக்சம் போட்டுச் சரிபார்க்கும் வசதி சர்வரில் இருந்தது. பெயரை நம்பாதே, உள்ளடக்கத்தைப் பார். யூனிக்ஸ்காரர்கள் சொன்ன அதே பாடம்.

இதெல்லாம் பொழுதுபோக்குன்னு நினைக்காதீங்க. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 1999இல் ஹாஃப்-லைஃபின் மாடாகத்தான் பிறந்தது. மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர் செய்தது. மறுவருடமே வால்வ் அதைக் கடையில் விற்றது. நம்ம ஊர்ல எல்லாரும் விளையாடின பப்ஜிக்கும் வேர் அங்கேதான். பிரெண்டன் கிரீன் முதலில் ஆர்மா கேமுக்கு பேட்டில் ராயல் மாடுதான் செய்தார்.

என் தலைமுறைக்கு இந்தக் கதவு மைன்கிராஃப்ட் வழியாத் திறந்தது. கேம் முழுக்க ஒரு ஜார் ஃபைல். ஜார் என்பதும் ஜிப்தான். ப்ளஸ் ஒன் படிக்கும்போது நானும் வின்ரார்ல அதைத் திறந்து, மாடின் கிளாஸ் ஃபைல்களை உள்ளே இழுத்துப் போட்டு, ‘மெட்டா-இன்ஃப்’ என்ற ஃபோல்டரை அழிச்சிருக்கேன். ஏன் அழிக்கணும்னு எந்த யூடியூப் வீடியோவும் சொல்லல. இன்ஜினியரிங் மூணாவது வருஷம்தான் புரிஞ்சுது: உள்ளே இருக்கும் ஃபைல்களை யாரும் மாத்தலைன்னு உறுதி சொல்ற டிஜிட்டல் கையெழுத்து அங்கேதான் இருந்தது. அதை அழிச்சாதான் மாடு ஓடும். ஒரு தலைமுறை பசங்க பூட்டை உடைச்சுத்தான் உள்ளே போனோம். அந்த ஆர்வம்தான் என்னை மாதிரி பல பேரை இந்த வேலைக்கே கூட்டிட்டு வந்தது.

அதே வழியாத் திருடனும் வருவான். 2000 மே 4 அன்று ‘ஐ லவ் யூ’ என்று ஒரு மெயில் உலகத்தைச் சுற்றியது. இணைப்பின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோலத் தெரிந்தது. அதுக்குப் பின்னாடி விபிஎஸ் என்ற உண்மையான எக்ஸ்டென்ஷன் இருந்தது. தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை விண்டோஸ் தானாகவே மறைத்துவிடும். காதல் கடிதம்னு நினைச்சுத் தொட்டவங்க ஒரு வைரஸை ஓடவிட்டாங்க.

2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மாடுகளுக்குள்ளேயே ‘ஃப்ராக்சரைசர்’ என்ற வைரஸ் வந்தது. கர்ஸ்ஃபோர்ஜ் என்ற பிரபல தளத்தில், நல்ல மாடர்களின் கணக்குகளைக் கைப்பற்றி ஏற்றியிருந்தார்கள். அது மெஷின்ல இருக்கற மற்ற ஜார் ஃபைல்களுக்கும் பரவும். பாஸ்வேர்ட், லாகின் எல்லாம் திருடும். போர்டு சரியா இருந்தது, கடையும் தெரிஞ்ச கடை, உள்ளே சமைச்சவன்தான் வேற.

என் கருத்து இதுதான். மாடிங் ஒரு பெயர் மாத்தும் தந்திரத்தால் வளரல. காட்ஸ் தன் ஃபார்மேட்டை ஊருக்குக் கொடுத்தார், கார்மாக் அதை மறைக்காமல் பயன்படுத்தினார். அந்த இரண்டு முடிவும் இல்லைன்னா, நீங்க எக்ஸ்டென்ஷனை நூறு தடவை மாத்தினாலும் ஒண்ணும் திறந்திருக்காது. இன்னைக்குப் பல கேம்கள் டேட்டாவை என்கிரிப்ட் பண்ணித்தான் வருது. பாதுகாப்பு வேணும்தான், மறுக்கல. ஆனா ப்ளஸ் ஒன் படிக்கற ஒரு பையனோ பொண்ணோ ‘உள்ளே என்னதான் இருக்கு?’னு எட்டிப் பார்க்க ஒரு ஜன்னலாவது இருக்கணும்.

கடைசியா ஒரு வேலை. விண்டோஸ்ல ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, ‘வியூ’ மெனுவில் எக்ஸ்டென்ஷன்களைக் காட்டச் சொல்லும் ஆப்ஷனை ஆன் பண்ணி வைங்க. போர்டு பொய் சொல்லலாம். ஆனா போர்டையே மறைச்சு வெச்சா, பொய்னு கண்டுபிடிக்கக்கூட வழி இருக்காது. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.