தலைப்பிரட்டைகளை இனங்காணல்: தென்னிந்திய இருவாழ்விகள் ஆய்வு வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

முதிர்ந்த உயிரிகளைத் தவளை, தேரை, நுணல் எனப் பிரித்துப் பெயரிடும் தமிழ், அவற்றின் இளவுயிரிகளைப் பொதுவழக்கில் ஒரே சொல்லால் சுட்டுகிறது. தமிழகத்தில் அது தலைப்பிரட்டை, ஈழத்தில் வாற்பேத்தை. இனவேறுபாடு இப்பெயர்களில் இடம்பெறவில்லை. முதிர்தவளையை அடிப்படையாகக் கொண்டே இனங்களுக்குப் பெயரிட்டு வந்த விலங்கியலும் இளவுயிரியை நெடுங்காலம் துணைச்சான்றாகவே கருதியது. இளவுயிரி குறித்த களப்பதிவு தனித்த முதன்மைச் சான்றாகும் தகுதியுடையது என்பதை, மேற்குத்தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை வரலாற்றின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வாயமைப்பு என்னும் அளவுகோல்

ஐரோப்பியத் தலைப்பிரட்டைகளைத் தொகுத்து 1892இல் பூலஞ்சர் வெளியிட்ட ஆய்வு, வாயமைப்பை இனங்காணலின் முதன்மைக் கூறுகளுள் ஒன்றாக்கியது. அலகுகள், உதடுகளில் அமைந்த நுண்பல் வரிசைகளின் எண்ணிக்கை, மூச்சுத்துளையின் இடம் ஆகியன அளவுகோல்களாயின. இந்தியச் சமவெளிகளின் தலைப்பிரட்டைகள் பற்றி, இந்திய விலங்கியல் அளவீட்டுத் துறையின் முதல் இயக்குநர் நெல்சன் அன்னண்டேலும், கோயம்புத்தூரில் பிறந்து பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பணியாற்றிய சி. ஆர். நாராயண ராவும் 1918இல் எழுதினர்.

இவ்வளவுகோல்கள் களத்தில் இன்றும் பயன்படுகின்றன. கருநிறத்துடன் கூட்டமாக நீந்துவன பெரும்பாலும் தேரையின் குஞ்சுகள். உடல் கண்ணாடிபோலத் தெளிந்து, நுண்பற்களின்றி இருப்பின் அது குறுவாய்த் தவளைக் குடும்பத்தைச் சுட்டும். வலிய அலகும் மிகுதியான பல்வரிசைகளும் பிற தலைப்பிரட்டைகளை இரையாக்கும் பெருந்தவளையின் அடையாளங்கள்.

ஆயினும் வாயமைப்பு வளர்ச்சியோடு மாறுவது. மிக இளம் பருவத்தில் பல்வரிசைகள் நிறைவுறா. உருமாற்றம் தொடங்கியதும் அவை உதிர்ந்துவிடும். எனவே, எப்பருவத்தில் கண்டது எனக் கூறாத விளக்கம் ஒப்பீட்டிற்குப் பயன்படாது. கென்னத் கோஸ்னர் 1960இல் வகுத்த 46 பருவநிலைகளின் அட்டவணை இக்குறையைப் பெரிதும் நீக்கியது.

பெயருக்கு முந்திய பதிவு

மலையோடைப் பாறைகளில் உறிஞ்சிபோன்ற வாயால் பற்றிக்கொண்டு வாழும் ஒரு தலைப்பிரட்டையை அன்னண்டேலும் ராவும் 1917-18 காலத்தில் விளக்கினர். அதன் முதிர்நிலை அப்போது அறியப்படவில்லை. முதிர்தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, மழைக்காலத்தில் சில நாட்களே இனப்பெருக்கத்திற்காக வெளிவருவது இதற்குக் காரணம். 2003இல் எஸ். டி. பிஜுவும் பிராங்கி போசூயிட்டும் ஊதாத் தவளையை நாசிகபட்ராக்கஸ் சகியாட்ரென்சிஸ் என்னும் புதிய இனமாகவும், அதற்கெனத் தனிக் குடும்பமாகவும் அறிவித்தனர். அதன்பின்னரே பழைய பதிவு எவ்வினத்துக்குரியது என்பது தெளிவாயிற்று. ஏறத்தாழ 85 ஆண்டுகள் தலைப்பிரட்டை பெயரின்றி ஏட்டில் காத்திருந்தது.

கேரளத்தின் இடுக்கிப் பகுதியில் பழங்குடியினர் இத்தலைப்பிரட்டைகளை உணவுக்காகத் திரட்டும் வழக்கத்தை 2015இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. ஓடையில் இவற்றைத் தேடிப் பிரித்தறியும் திறன் அம்மக்களிடம் இருந்தது என்பது இதனால் புலனாகும். அதே ஆய்வு இவ்வழக்கத்தை அவ்வினத்திற்கு நேரும் அச்சுறுத்தலாகவும் காட்டியது. ஆகவே, இனங்காணல் பாதுகாப்போடும் நேரடித் தொடர்புடையது.

கிழக்குச் சரிவின் சான்று

2017இல் திருவில்லிபுத்தூரை அடுத்த கிழக்குச் சரிவிலிருந்து இப்பேரினத்தின் இரண்டாம் இனம் விளக்கப்பட்டது. ஊர்வன, இருவாழ்விகள் ஆய்வாளர் சு. பூபதியின் நினைவாக அதற்கு நாசிகபட்ராக்கஸ் பூபதி எனப் பெயரிட்டனர். இவ்விளக்கத்தில் தலைப்பிரட்டைகளும் சான்றாக இடம்பெற்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன் உரிமைகோர இனமின்றி நின்ற இளவுயிரி, இங்கு இனத்தை வரையறுக்கும் சான்றுகளுள் ஒன்றாயிற்று.

முடிவுரை

பெயர் தெரியாத நிலையிலும் வாயமைப்பையும் வாழிடத்தையும் எழுதிவைத்ததே 1917-18 பதிவின் வலிமை. எனவே களஆய்வாளர் பருவநிலை, பல்வரிசை, நீர்நிலையின் தன்மை, கண்ட நாள் ஆகியவற்றைக் குறித்தல் இன்றியமையாதது. இனம் உறுதிப்படாத பதிவுகளையும் நீக்காது காத்தல் வேண்டும். தமிழில் இளவுயிரிகளுக்கான கலைச்சொற்களை வகுப்போரும் வட்டார வழக்குகளைத் திரட்டுவோரும் இப்பணியில் இணைதல் பயன் தரும்.